ஒன்றரை லட்சம் குடும்பப் படங்கள், நாலு ஹார்ட் டிஸ்க்: வீட்டு சர்வரில் எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். 2006-லிருந்து சேர்ந்த ஏறக்குறைய ஒன்றரை லட்சம் படங்களும் வீடியோக்களும் நாலு ஹார்ட் டிஸ்க்கிலும் இரண்டு பழைய ஃபோனிலும் கூகுள் போட்டோஸிலும் சிதறிக் கிடக்கின்றன. மொத்தம் 900 ஜிபி. அதில் பாதி ரெட்டை ரெட்டையாக இருக்கும் என்று சந்தேகம். மாதாமாதம் பணம் கட்டாமல், வீட்டில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் போட்டு, மனைவியும் அப்பா அம்மாவும் ஃபோனிலேயே பார்க்கிற மாதிரி செய்ய வேண்டும். இம்மிச், போட்டோபிரிசம், டிஜிகாம் மூன்றில் எது நல்லது என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இரண்டு வரிதான். நீங்கள் மாட்டிக்கொண்டு நிற்பது அதற்கு முந்தைய இடத்தில்: எதை முதலில் செய்வது, எதைச் செய்துவிட்டால் திருப்ப முடியாது, பத்து வருடம் கழித்து இந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் செய்த வேலை மிஞ்சுமா?

மிஞ்சுமா என்ற சந்தேகம் நியாயமானது. பிக்காசாவை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் படம் பார்ப்பதென்றாலே அதுதான். 2016-இல் கூகுள் அதை நிறுத்தியது. யாருடைய படமும் அழியவில்லை. ஆனால் உட்கார்ந்து முகம் முகமாகப் பெயர் போட்டவர்கள் ஏமாந்தார்கள். அந்தப் பெயர்களும் ஆல்பங்களும் பெரும்பாலும் பிக்காசாவின் சொந்த டேட்டாபேஸிலும் ஃபோல்டருக்குள் ஒளிந்திருந்த சின்ன ஐஎன்ஐ கோப்புகளிலும்தான் இருந்தன. படத்துக்குள்ளேயே எழுதிவைக்கும் வசதியும் இருந்தது, அதைத் தட்டிவிட்டவர்கள் குறைவு. ஆகவே எந்த மென்பொருளானாலும் ஒரே அளவுகோல் போதும். தேதி, இடம், குறிப்பு இவை படத்துக்குள்ளேயோ, படத்துக்குப் பக்கத்தில் அதே பெயரில் இருக்கும் எக்ஸ்எம்பி கோப்பிலோ (படத்தின் விவரங்களை மட்டும் வைக்கும் சின்னக் கோப்பு) இருந்தால் அது உங்கள் சொத்து. டேட்டாபேஸில் மட்டும் இருந்தால் அது இரவல்.

அந்த இரண்டு வரிப் பதில்: குடும்பம் முழுக்க ஃபோனில் பார்க்க வேண்டும், ஃபோனிலிருந்து தானாக ஏற வேண்டும் என்றால் இம்மிச். வருடக்கணக்கான படங்களுக்குப் பொறுமையாகக் குறிப்பெழுதி அதைக் கோப்புக்குள்ளேயே பதிக்க வேண்டும் என்றால் டிஜிகாம். அது சர்வர் மென்பொருள் அல்ல, மேசைக் கம்ப்யூட்டரில் ஓடுவது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம், சண்டை வராது. போட்டோபிரிசம் தரமானதுதான், ஏற்கெனவே நேர்த்தியான ஃபோல்டர்கள் வைத்திருப்பவருக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் நீங்கள் சொல்லும் நிலைமைக்கு, ஃபோன் பக்கத்து வசதிக்காகவே இம்மிச்சைத்தான் சொல்வேன். 2025 அக்டோபரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து அதை நிலையான பதிப்பு என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு அப்டேட்டிலும் ஏதாவது உடைவது சாதாரணம். இனி கீழே சொல்வது எல்லாம் அதை வைத்துத்தான்.

மெஷினுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பழைய ஆபீஸ் மினி பிசி ஒன்று, இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 அளவில், 16 ஜிபி ரேம் போதும். இம்மிச் கேட்பது குறைந்தது 6 ஜிபி, 8 இருந்தால் நல்லது என்கிறார்கள். சிஸ்டமும் டேட்டாபேஸும் எஸ்எஸ்டியில், படங்கள் 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில். வேகமாகக் காட்டுவதற்காக இம்மிச் தானே உருவாக்கிக்கொள்ளும் சின்னப் படங்களும் மாற்றிய வீடியோக்களும் சேர்ந்து மூலத்துக்கு மேல் 10 முதல் 20 சதவீதம் இடம் பிடிக்கும். 900 ஜிபிக்கு இன்னொரு 180 வரை ஒதுக்கிக்கொள்ளுங்கள். இந்த வகை மெஷின் சும்மா இருக்கும்போது 12 வாட் இழுக்கிறது என்று வைத்தால் மாதத்துக்கு 9 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மிச்சம் பிடிக்க நினைத்தால் வேறு எதிலாவது பிடியுங்கள், யூபிஎஸ்ஸில் வேண்டாம். டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதுதான் வீட்டு சர்வர்களின் முதல் எதிரி.

இப்போது வேலை. முதல் நாள் எதையும் அழிக்காதீர்கள், எதையும் பெயர் மாற்றாதீர்கள். புது டிஸ்க்கில் 'மூலம்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஃபோனுக்கும் ஒரு ஃபோல்டர், உள்ளே இருப்பதை இருக்கிறபடியே காப்பி எடுங்கள். இழுத்துப் போட்டுக் காப்பி செய்வதைவிட ஆர்சிங்க் என்ற காப்பி எடுக்கும் கருவி நல்லது. நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், '-a' விருப்பத்தோடு ஓட்டினால் கோப்பு மாறிய நேரத்தையும் காப்பாற்றும். சாதாரணக் காப்பியில் அந்த நேரம் சில சமயம் இன்றைய தேதிக்கு மாறிவிடும். எக்ஸிஃப் (கேமரா படத்துக்குள்ளேயே எழுதிவைக்கும் தேதி, இட விவரங்கள்) இல்லாத படத்துக்கு அந்த நேரம்தான் மிஞ்சியிருக்கும் ஒரே தடயம். முடிந்ததும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிடும் விருப்பத்தோடு ஆர்சிங்க்கை இன்னொரு முறை ஓட்டுங்கள். பழைய டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டார்கள் இருந்தால் இந்தச் சுற்றில் வெளியே வரும். வேலை மொத்தமும் முடியும்வரை அந்த நாலு டிஸ்க்கும் பீரோவில் தூங்கட்டும்.

கூகுளிலிருந்து எடுப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். உங்கள் தரவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுளின் டேக்அவுட் சேவை வழியாகக் கேளுங்கள், ஒவ்வொரு பகுதியும் 50 ஜிபி என்று தேர்ந்தெடுங்கள். 2 ஜிபி என்று விட்டால் நூற்றுக்கணக்கான ஜிப் வந்து சேரும். உள்ளே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஜேசன் கோப்பு துணைக்கு வரும். நீங்கள் கூகுளில் திருத்திய தேதி, போட்ட குறிப்பு, சேர்த்த இடம் எல்லாம் அந்த ஜேசனில்தான் இருக்கும், படத்துக்குள் இருக்காது. சிக்கல் என்னவென்றால் இந்த ஜேசனின் பெயர் படத்தின் பெயரோடு எப்போதும் ஒத்துப்போகாது. நீளமான பெயரைக் கூகுள் நடுவில் வெட்டிவிடும். ஒரே பெயரில் இரண்டு படம் இருந்தால் அடைப்புக்குறிக்குள் 1 என்ற எண் படத்தில் ஓரிடத்திலும் ஜேசனில் வேறிடத்திலும் வரும். எடிட் செய்த படத்துக்குத் தனி ஜேசனே கிடையாது. படம் மூன்றாவது ஜிப்பிலும் அதன் ஜேசன் நான்காவதிலும் இருப்பதும் உண்டு. ஒவ்வொரு ஜிப்பாகப் பிரித்துப் படத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஜேசனைக் குப்பையில் போடுகிறவர்களுக்குத்தான் பிறகு ஆயிரக்கணக்கான படங்கள் பதிவிறக்கிய தேதியில் குவிந்து நிற்கும்.

இந்த வேலைக்கென்றே இம்மிச்-கோ என்று ஒரு தனிக் கருவி இருக்கிறது. எல்லா ஜிப்பையும் ஒரே கட்டளையில் சேர்த்துக் கொடுங்கள், பிரிக்கக்கூட வேண்டாம். படத்தையும் ஜேசனையும் அதுவே ஜோடி சேர்த்து, ஆல்பங்களையும் உருவாக்கி ஏற்றிவிடும். முதலில் சோதனை ஓட்டமாக ஓட்டிப் பார்த்து, ஜோடி கிடைக்காத படங்கள் எத்தனை என்று அறிக்கையில் பாருங்கள். ஒரு விஷயம் உறுதி: கூகுளில் 2021 வரை இலவசமாக இருந்த 'உயர்தரம்' என்ற அமைப்பில் ஏற்றியவை 16 மெகாபிக்சலுக்கு மேல் இருந்தால் சுருக்கப்பட்டிருக்கும், அதற்குக் கீழே இருந்தாலும் மீண்டும் அழுத்தப்பட்டிருக்கும். அதே படம் டிஸ்க்கில் மூலத்தரத்தில் இருந்தால் டிஸ்க்கில் இருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அதனால் டிஸ்க்குகளை முதலில் ஏற்றுங்கள், டேக்அவுட்டைக் கடைசியில். பெயரும் எடுத்த தேதியும் ஒத்துப்போய், சர்வரில் ஏற்கெனவே பெரிய படம் இருந்தால் இம்மிச்-கோ சின்னதை விட்டுவிடும்.

ஏற்றுவதற்கு முன் தேதிகளைச் சரிசெய்வதுதான் உண்மையான உழைப்பு. கருவி ஒன்றே ஒன்று: எக்ஸிஃப்டூல், ஃபில் ஹார்வி எழுதியது. அது எதை மாற்றினாலும் பழைய கோப்பை 'ஒரிஜினல்' என்ற வால் சேர்த்துப் பக்கத்திலேயே வைத்துவிடும். பாதுகாப்புதான், ஆனால் 900 ஜிபியில் ஓட்டினால் டிஸ்க் நிரம்பும். ஐம்பது படத்தில் சோதித்துவிட்டு, மூலம் தனியே பத்திரமாக இருப்பதை உறுதி செய்த பிறகு மேலெழுதும் விருப்பத்தைப் போடுங்கள்.

தேதி கெடுவதற்குக் காரணங்கள் சிலவே. ஒன்று, கேமராவில் பேட்டரி இறங்கிக் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போவது. ஒரு கல்யாணமே 2000 ஜனவரி முதல் வாரத்தில் நடந்ததாகக் காட்டும். இதைச் சரிசெய்ய ஒவ்வொரு படமாகத் தொட வேண்டாம், மொத்தத்துக்கும் ஒரே வித்தியாசம்தான். நேரம் தெரிந்த ஒரு படத்தைப் பிடியுங்கள். தாலி கட்டும் படம் எக்ஸிஃபில் இரவு 9:47 என்று சொல்கிறது, பத்திரிகையில் முகூர்த்தம் காலை 7:30 முதல் 9 வரை என்றால், அந்த இடைவெளியின் நடுவை எடுத்துக்கொண்டு வித்தியாசத்தைக் கணக்கிட்டு அந்த ஃபோல்டர் முழுவதையும் நகர்த்தச் சொல்லலாம். முக்கால் மணி நேரம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் மாப்பிள்ளை அழைப்பு முதல் பந்தி வரை வரிசை மாறாது. மண்டபச் சுவரில் கடிகாரம் தெரியும் படம் ஒன்று கிடைத்தால் அந்தப் பிசகும் போய்விடும்.

இரண்டாவது, வீடியோ. ஃபோன் எடுக்கும் படங்களில் நேரம் உள்ளூர் நேரமாகப் பதிவாகும். எம்பி4, எம்ஓவி வீடியோக்களில் தரத்தின்படி அது உலகப் பொது நேரம். 2019 புத்தாண்டு பிறந்து பத்து நிமிடத்தில் எடுத்த வீடியோவுக்குள் 2018 டிசம்பர் 31, 18:40 என்று இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் சரி. இதைப் பிழை என்று நினைத்துத் திருத்தப்போய் இன்னும் கெடுப்பவர்கள் உண்டு. இம்மிச் நேர மண்டலத்தைக் கண்டுபிடிக்க முயலும், பெரும்பாலும் சரியாகச் செய்யும். ஆனால் சில பழைய டிஜிட்டல் கேமராக்கள் விதியை மதிக்காமல் உள்ளூர் நேரத்தையே எழுதிவைத்திருக்கும். அதனால் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வீடியோவை, அதே நாள் எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

மூன்றாவது, வாட்ஸ்அப். அது படத்தைச் சுருக்கும்போது எக்ஸிஃபை உரித்துவிடும், கேமராவும் தேதியும் இடமும் போய்விடும். மிஞ்சுவது கோப்புப் பெயரில் இருக்கும் எட்டு இலக்கம்: 20190412 என்று வந்து, ஒரு கோடு போட்டு, டபிள்யூஏ0003 என்று முடியும். எக்ஸிஃப்டூலுக்குப் பெயரிலிருந்து தேதியை எடுக்கத் தெரியும். ஆனால் டபிள்யூஏவுக்குப் பின்னால் வரும் 0003 அன்றைய வரிசை எண்தானே தவிர நேரம் அல்ல. அதை வெட்டாமல் விட்டால் நள்ளிரவு தாண்டி மூன்று நிமிடம் என்று எழுதிவைக்கலாம். எண்ணை வெட்டிவிட்டு எல்லாவற்றுக்கும் பகல் 12:00 என்று போடுங்கள். பிறகு பார்க்கிறவருக்கு அது போட்ட நேரம் என்று புரியும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள், அந்த எட்டு இலக்கம் படம் உங்களுக்கு வந்த நாள், எடுத்த நாள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சித்தப்பா பத்து வருடம் முந்தைய படத்தை நேற்று அனுப்பியிருந்தால் தேதி நேற்றுதான். கருவி எதுவும் இதைக் கண்டுபிடிக்காது, கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஸ்கேன் செய்த பழைய ஆல்பங்களுக்கு வருடம் மட்டும்தான் தெரியும். எக்ஸ்எம்பியில் வெறும் வருடத்தை எழுத விதி இடம் தருகிறது, ஆனால் அதை எல்லா மென்பொருளும் ஒழுங்காகப் படிப்பதில்லை. வழக்கம் ஒன்றை முடிவு செய்து மாறாமல் கடைப்பிடியுங்கள்: வருடம் மட்டும் தெரிந்தால் ஜனவரி 1, நேரம் 00:00, குறிப்பில் 'ஆண்டு தோராயம்'. ஒரு சின்னத் தொந்தரவு வரும். ஒவ்வொரு புத்தாண்டு காலையிலும் இம்மிச்சின் நினைவுகள் பகுதியில் தாத்தா காலத்துப் படங்கள் அத்தனையும் வரிசை கட்டி நிற்கும். அது பிடித்தும் போகலாம்.

ஃபோல்டர் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். வையுங்கள், ஆனால் இரண்டு குழிகள் இருக்கின்றன. 'பொங்கல்' என்ற பெயரை எடுங்கள். அதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே ஒன்று 21 பைட், மற்றது 24 பைட். பழைய மேக் டிஸ்க் வடிவமான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும்; விண்டோஸில் தட்டியது பெரும்பாலும் சேர்ந்த வடிவில் இருக்கும்; லினக்ஸோ பைட் மாறினால் வேறு பெயர் என்று கறாராக நிற்கும். விளைவு, மேக்கிலிருந்து வந்த டிஸ்க்கையும் விண்டோஸ் டிஸ்க்கையும் ஒரே இடத்தில் சேர்க்கும்போது 'பொங்கல்' என்று இரண்டு ஃபோல்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், தேடினால் ஒன்றில்தான் கிடைக்கும். கோயில், தோட்டம், கொழும்பு என்று ஒ, ஓ, ஔ குறி வரும் எல்லாப் பெயருக்கும் இதே கதை. கான்வ்எம்வி என்ற லினக்ஸ் கருவியால் எல்லாவற்றையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஏற்றினால் தீர்ந்தது.

அடுத்தது நீளம். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் சேமிப்பு முறையில் 3 பைட். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும்; 'கல்யாணம்' என்பதே 24 பைட். லினக்ஸில் ஒரு பெயருக்கு உச்சவரம்பு 255 பைட், அதாவது 85 குறியீடு. குறியாக்கம் செய்த ஃபோல்டராக இருந்து அது இக்ரிப்ட்எஃப்எஸ் வகையாக இருந்தால் 143 பைட்தான், 47 குறியீட்டில் நின்றுவிடும். 'மதுரை பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் இரண்டாம் நாள்' என்று விரிவாகப் பெயர் வைத்தால் அந்த ஃபோல்டர் மட்டும் காப்பி ஆகாமல் பிழை காட்டும். முன்னால் தேதியை எண்ணில் போட்டு, பின்னால் இரண்டு சொல் போதும். விவரத்தைக் குறிப்பில் எழுதுங்கள், அதுவும் எக்ஸ்எம்பி புலத்தில். அது எப்போதும் யூனிகோட்தான். எக்ஸிஃபின் பழைய விவரப் புலம் ஆஸ்கிக்கென்று வகுக்கப்பட்டது, அதில் தமிழ் எழுதினால் சில மென்பொருளில் கேள்விக்குறிகளாகத் தெரியும்.

நிறுவுவது இவ்வளவு தொல்லை இல்லை. இம்மிச் ஓடுவது டாக்கரில், அதாவது மென்பொருளைத் தனிப் பெட்டிபோல வைத்து ஓட்டும் கருவியில். இம்மிச் தரும் டாக்கர் கம்போஸ் கோப்பையும் (எதை எப்படி ஓட்டுவது என்ற பட்டியல்) என்வி கோப்பையும் (உங்கள் அமைப்புகள்) இறக்கி, படங்கள் இருக்கும் இடம், டேட்டாபேஸ் இருக்கும் இடம், கடவுச்சொல் மூன்றையும் நிரப்பி ஓட்டினால் 2283 போர்ட்டில் எழுந்து நிற்கும். டேட்டாபேஸின் இடம் இஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் வடிவில் இருக்கட்டும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் டிஸ்க்கிலோ நெட்வொர்க் பகிர்விலோ வைத்தால் இம்மிச்சின் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் அடம்பிடிக்கும் அல்லது ஒருநாள் கெட்டுப்போகும். முதல் படத்தை ஏற்றுவதற்கு முன் அமைப்புகளில் ஸ்டோரேஜ் டெம்ப்ளேட்டை இயக்குங்கள். இயக்காவிட்டால் கோப்புகள் எழுத்தும் எண்ணும் கலந்த அர்த்தமற்ற பெயர்களில் கிடக்கும், டேட்டாபேஸ் இல்லாமல் எது எது என்று மனிதனால் சொல்ல முடியாது. இயக்கினால் வருடம், தேதி என்ற ஃபோல்டர்களில் பழைய பெயரோடேயே அடுக்கும். இம்மிச்சை நாளை தூக்கி எறிந்தாலும் டிஸ்க்கைத் திறந்து படிக்க முடிவது இந்த ஒரு சுவிட்சால்தான்.

பழைய ஃபோல்டர்களை இடம் மாற்றாமல் அப்படியே காட்டும் எக்ஸ்டெர்னல் லைப்ரரி என்ற வசதியும் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்றப்படும் படங்களை இம்மிச் உள்ளடக்கத்தின் செக்சம் வைத்து ஒப்பிட்டு, ஏற்கெனவே இருந்தால் இரண்டாவதை வாங்காது. உங்கள் ரெட்டைகளில் பெரும்பகுதி இதிலேயே கழிந்துவிடும். எக்ஸ்டெர்னல் லைப்ரரியில் அப்படி இல்லை. ஃபோனிலிருந்து ஏறுவதும் பழைய ஃபோல்டரில் இருப்பதும் இரண்டு படங்களாகவே நிற்கும். கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் பழையது காணாமல் போனதாகவும் புதியது ஒன்று வந்ததாகவும் எடுத்துக்கொண்டு, ஆல்பத்திலும் முகங்களிலும் இருந்த தொடர்பை விட்டுவிடும். டிஜிகாமும் சேர்ந்து ஆளும் ஃபோல்டர் மரம் இருப்பவர்களுக்கு மட்டும் அது சரி. இன்னொரு எச்சரிக்கை டாக்கர் பற்றியது. மெஷின் எழும்போது பெரிய டிஸ்க் இணையவில்லை என்றால் டாக்கர் அதே பெயரில் காலி ஃபோல்டரை எஸ்எஸ்டியில் உருவாக்கிக்கொள்ளும். இம்மிச் தன் ஃபோல்டர்களில் ஒளித்துவைத்த அடையாளக் கோப்பைத் தேடி, இல்லாவிட்டால் தொடங்க மறுக்கும். அந்தப் பிழையைக் கண்டதும் கோப்பை நீங்களே உருவாக்கி 'சரிசெய்து' விடாதீர்கள், முதலில் டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஐஃபோன் படங்களில் ஒன்றைக் கவனியுங்கள். லைவ் போட்டோ என்பது ஒரே பெயரில் ஒரு எச்இஐசியும் ஒரு எம்ஓவியும். மூன்று வினாடி வீடியோ வேண்டாத குப்பை என்று அழிக்கக் கிளம்பினால் பாதி உயிர் போய்விடும். ஒரேபோன்ற படங்கள், அதாவது பட்டனை அழுத்திக்கொண்டே எடுத்த பதினைந்து படங்களில் எது நல்லது என்ற வேலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எல்லாம் ஏறியபின் இம்மிச்சே ஒத்த படங்களை ஜோடி ஜோடியாகக் காட்டும். அதில் ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் தீர்க்கும் பொத்தானை நம்பி அழுத்த வேண்டாம். வரிசையாக நிற்கும் குழுப்படங்களில் ஒருவர் கண் மூடியிருப்பதும் திறந்திருப்பதும் அதற்கு ஒன்றுதான்.

முகம் கண்டறிதல் பெரியவர்களுக்கு நன்றாக வேலை செய்யும். ஒன்றரை லட்சம் படத்துக்கு, கிராஃபிக் கார்டு இல்லாத மெஷினில் அது நாட்கணக்கில் ஓடலாம், ஓடட்டும். குழந்தைகளில் தடுமாறும்: ஆறு மாதக் குழந்தை, மூன்று வயது, பத்து வயது மூன்றும் மூன்று ஆட்களாக வரும், நீங்கள்தான் இணைக்க வேண்டும். அண்ணன் தம்பியின் குழந்தைப் பருவ முகங்கள் கலந்துபோவதும் நடக்கும். தேடலைப் பொறுத்தவரை, இயல்பாக வரும் மாடல் ஆங்கிலத்தில் பழகியது. 'மாட்டு வண்டி' என்று தட்டினால் சம்பந்தமில்லாதவை வரும். மெஷின் லேர்னிங் அமைப்பில் என்எல்எல்பி-கிளிப் வகைப் பன்மொழி மாடல் ஒன்றைப் போட்டு, எல்லாப் படங்களுக்கும் ஸ்மார்ட் சர்ச் வேலையை மறுபடி ஓட்டினால் தமிழில் தேடலாம். மறுபடி ஓட்டாமல் மாடலை மட்டும் மாற்றினால் ஒன்றும் கிடைக்காது. கடல், மாடு, பிறந்தநாள் கேக் போன்றவை வரும். சீர்வரிசைத் தட்டு, வளைகாப்பு போன்றவற்றுக்கு மாடலை நம்ப முடியாது, அதற்கு ஆல்பம்தான்.

இங்கேதான் பிக்காசா பாடத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. இம்மிச்சில் நீங்கள் மாற்றும் தேதி, இடம், குறிப்பு, டேக் எல்லாம் பக்கத்தில் எக்ஸ்எம்பி கோப்பாக எழுதப்படும், மூலப்படம் தொடப்படாது. ஆனால் முகங்களுக்கு இட்ட பெயர்களும் ஆல்பங்களும் டேட்டாபேஸில் மட்டும். முகப்பெயர் உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால், குறிப்பாகப் பழைய ஆல்பத்தில் இருப்பவர்களை அம்மா ஒருவரால்தான் அடையாளம் சொல்ல முடியும் என்றால், அந்த ஸ்கேன்களை மட்டும் முதலில் டிஜிகாமில் திறந்து அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பெயர் போடுங்கள். டிஜிகாம் அதைக் கோப்புக்குள் எழுதும் (அமைப்பில் அந்த விருப்பம் இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்). கோப்பில் உள்ள முகப்பெயர்களைப் படித்துக்கொள்ளும் அமைப்பு இம்மிச்சில் உண்டு, அதை இயக்கிவிட்டு ஏற்றுங்கள். ஒன்றரை லட்சத்துக்கும் இப்படிச் செய்வது நடக்காத காரியம்; அந்த ஐந்நூறு படத்துக்குச் செய்தால் போதும்.

ஃபோன் பக்கம் சுருக்கமாக. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு போட்டு, பார்ட்னர் பகிர்வில் இணையுங்கள். ஏற்றும் ஆல்பமாகக் கேமராவை மட்டும் தேர்ந்தெடுங்கள், வாட்ஸ்அப் ஃபோல்டரையும் சேர்த்தால் அப்பாவின் கணக்கு ஒரே வாரத்தில் குட் மார்னிங் படங்களால் நிரம்பும். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பிலிருந்து ஆப்புக்கு விலக்குக் கொடுங்கள். ஐஃபோனில் பின்னணி ஏற்றத்தை முழுக்க நம்ப முடியாது, அவ்வப்போது ஆப்பைத் திறந்துவைக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்க ரௌட்டரில் 2283-ஐத் திறந்துவிட வேண்டாம். பல இணைப்புகளில் உங்களுக்கென்று பொது முகவரியே கிடைக்காததால் அது வேலையும் செய்யாது. வயர்கார்டு என்ற விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழையும் தனிப் பாதை), அல்லது அதன்மேல் கட்டிய டெய்ல்ஸ்கேல் போதும். வெளியிலிருந்து வீட்டு சர்வரை அடைய இன்னொரு வழியான கிளவுட்ஃப்ளேர் டனலின் இலவசத் திட்டத்தில் ஒரு கோரிக்கைக்கு 100 எம்பி வரம்பு உண்டு. ஒரு நிமிட 4கே வீடியோவே அதைத் தாண்டிவிடும், படங்கள் ஏறும், வீடியோக்கள் மட்டும் மௌனமாகத் தோற்கும்.

பேக்கப்புக்கு இரண்டு வேண்டும்: கோப்புகள், டேட்டாபேஸ். இம்மிச் தினமும் இரவு 2 மணிக்கு டேட்டாபேஸை ஒரு டம்ப்பாக (ஒரே கோப்பில் முழு நகலாக) எடுத்துத் தன் பேக்கப்ஸ் ஃபோல்டரில் வைக்கும், கடைசி 14 இருக்கும். அது அதே டிஸ்க்கில் இருப்பதால் அதை மட்டும் பேக்கப் என்று சொல்ல முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் ஃபோல்டரைக் காப்பி எடுப்பதும் பேக்கப் ஆகாது, மீட்கும்போது திறக்காது. ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் கருவியை வைத்து லைப்ரரி, அப்லோட், ப்ரொஃபைல், பேக்கப்ஸ் ஃபோல்டர்களை இன்னொரு டிஸ்க்குக்கும், குறியாக்கம் செய்து வீட்டுக்கு வெளியே ஓரிடத்துக்கும் அனுப்புங்கள். சின்னப் படங்களும் மாற்றிய வீடியோக்களும் வேண்டாம், அவற்றைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம். வரிசையும் முக்கியம்: முதலில் டேட்டாபேஸ் டம்ப், பிறகு கோப்புகள். அப்படி எடுத்தால் இடைப்பட்ட நேரத்தில் ஏறிய படம் அதிகபட்சம் டேட்டாபேஸுக்குத் தெரியாத கோப்பாக நிற்கும், திரும்ப ஏற்றிவிடலாம். தலைகீழாக எடுத்தால் டேட்டாபேஸில் பெயர் இருக்கும், படம் இருக்காது. பழைய லேப்டாப் ஒன்றில் அதே பதிப்பு இம்மிச்சை நிறுவி, அந்த டம்ப்பையும் ஒரு மாதப் படங்களையும் மட்டும் மீட்டுப் பாருங்கள். அந்த மாதத்துப் படங்கள் ஆல்பத்தோடும் பெயரோடும் திறந்தால், பீரோவில் தூங்கும் நாலு டிஸ்க்கையும் அப்போது வெளியே எடுக்கலாம்.